இரைச்சல் என்று எழுதாமல் விட்டவை: வில்லுப்பாட்டும் கேட்பவர் குரலும்

1

நாட்டார் கதைப்பாடல்களைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது. யார் பாடினார், ஏடு எந்த ஊரில் கிடைத்தது, கதைத் தலைவன் எந்தச் சாதி, கதை எந்த நூற்றாண்டு, ஆவணங்களோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது – எல்லாம் இருக்கிறது. கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் இல்லை. 'மக்கள் பயபக்தியோடு கேட்கிறார்கள்', 'விடிய விடியக் கண் விழித்துக் கேட்கிறார்கள்' என்று முன்னுரையில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குள் ஒரு ஊரையே உட்காரவைத்து வாயைக் கட்டிவிடுகிறோம்.

இதை அடுத்தவர் மேல் குற்றப்பத்திரிகையாகப் படிக்கவில்லை. நானே செய்த காரியம் இது. 1993 வைகாசியில் தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்துக் கொடையில் முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டாகப் பாடக் கேட்டு ஆறு கேசட்டுகளில் பதிவு செய்தேன். ஆய்வுத் திட்டம் ஒன்றுக்காகச் செய்த வேலை. பிறகு மூன்று மாதம் உட்கார்ந்து எழுதி எடுத்தேன். பாட்டு, வசனம், பாட்டு, வசனம். நடுவில் வந்த இருமல், பிள்ளை அழுகை, குலவை, 'ஏலே உக்காருலே', யாரோ யாரையோ கூப்பிட்டது, யாரோ அண்ணாவியை மறித்துப் பேசியது எல்லாவற்றையும் 'இரைச்சல்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். கடைசிப் பிரதியில் அந்த அடைப்புக்குறிகளையும் எடுத்துவிட்டேன். சுத்தமான பிரதி ஒன்று கிடைத்தது. அதற்குப் பாராட்டும் கிடைத்தது.

முப்பது வருஷத்துக்குப் பிறகு பூஞ்சை பிடித்த அந்தக் கேசட்டுகளை மறுபடி கேட்க நேர்ந்தபோது பாட்டு எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அச்சில் இருக்கிறதே. இரைச்சல் பேசியது. இந்தக் கட்டுரை அந்த இரைச்சலைப் பற்றியது.

2

தொண்ணூறுகளில் நாம் வாசகனைப் பற்றி ரொம்பவே பேசினோம். ரோலான் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். அந்தச் செய்தி நமக்குக் கால் நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்தது. வந்ததும் சிறுபத்திரிகைகளில் கருமாதியை விமரிசையாகவே நடத்தினோம். பிரதிக்கு நிலையான அர்த்தமில்லை, அர்த்தத்தை உற்பத்தி செய்கிறவன் வாசகன்தான் என்றோம். நல்லது. ஆனால் நாம் மனதில் வைத்திருந்த வாசகன் யார்? தனி அறை, மேசை விளக்கு, கையில் புத்தகம். அவன் ஆண் என்பதைச் சொல்லவே வேண்டாம். அவன் பிரதிக்கு என்ன அர்த்தம் கொடுத்தாலும் பிரதி அசையாது. 72ஆம் பக்கத்தில் அவன் கோபப்பட்டான் என்பதற்காக 73ஆம் பக்கம் மாறாது.

கொடையில் உட்கார்ந்து கதை கேட்பவர் விஷயம் வேறு. அவர் கோபப்பட்டால் அடுத்த வரி மாறும். அழுதால் பாட்டு நீளும். தூங்கினால் அண்ணாவி ஒரு நையாண்டியை எடுத்து விடுவார். அவருக்குச் சாமி வந்துவிட்டால் கதை நிற்கும். அவர் தனியாளும் இல்லை. அவருக்கு ஓர் இடம் உண்டு. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், வரிக்காரர் பக்கம், பந்தலுக்கு உள்ளே, பந்தலுக்கு வெளியே, வெளிச்சத்துக்கு அப்பால். எங்கே உட்கார்ந்து கேட்கிறார் என்பதைப் பொறுத்து அவர் குரலுக்கு மதிப்பு. 'வாசகன் சுதந்திரமானவன்' என்ற சூத்திரத்தை இந்தப் பந்தலுக்குள் கொண்டுவந்தால் அது நொண்டியடிக்கிறது.

வால்டர் பெஞ்சமின் 1936இல் கதைசொல்லியைப் பற்றி எழுதியபோது கதைசொல்லலே மறைந்துகொண்டிருக்கிறது என்று வருந்தினார். அவர் வருத்தம் நியாயமானது. ஆனால் அவருக்கும் கண் கதைசொல்லி மேல்தான். கேட்கிறவர் அந்தக் கட்டுரையில் கதையை மனதில் இருத்தி அடுத்தவருக்குக் கொண்டுபோகிறவர். கதையை மறித்து நிற்கிறவராக இல்லை.

3

வில்லுப்பாட்டின் அமைப்பிலேயே கேட்பவருக்கு ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறார்கள். நடுவில் வில்லோடு அண்ணாவி, கையில் வீசுகோல். சுற்றி குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. வலத்தே பாடுகிறவர், இடத்தே பாடுகிறவர். அண்ணாவி வசனத்தில் ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன்பே பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' என்பார். 'அப்படியா', 'பெறகு?', 'அட சவமே' என்பதும் உண்டு. இவர் யார்? குழுவின் ஆள், ஆனால் செய்வது கேட்பவர் வேலை. ஊர் சார்பாகக் கதையை ஒப்புக்கொள்கிற பிரதிநிதி. நிறுவனமாக்கப்பட்ட கேட்பவர் என்று இவரைச் சொல்லலாம். இவர் ஒருநாளும் 'இல்லை' என்று சொல்வதில்லை.

'ஆமா'வுக்கு அப்பால்தான் உண்மையான கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் கேசட்டுகளில் கேட்கிற எதிர்வினைகளைப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலாவது பணம். ஒலிபெருக்கியில் அண்ணாவி கதையை நிறுத்திவிட்டு, இன்னார் மகன் இன்னார் வில்லிசைக் குழுவுக்கு இத்தனை ரூபாய் அன்பளிப்பு என்று வாசிக்கிறார். இரவு முழுக்க இருபது முப்பது முறை இது நடக்கிறது. நான் இதைத் தொந்தரவு என்று நினைத்தேன். அப்படியில்லை. வாலப்பகடை பேசிக்கொண்டிருக்கும்போது யாரும் பணம் தரவில்லை. பட்டன் வாளெடுத்ததும் வரிசையாக வருகிறது. ஊரின் பெயர்கள் கதைக்குள் எந்த இடத்தில் நுழைய விரும்புகின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் வேண்டுமா?

இரண்டாவது பெண்களின் குலவையும் அழுகையும். இவை ஒன்றல்ல. குலவை ஒழுங்குக்கு உட்பட்டது, எந்த இடத்தில் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அழுகை அப்படியில்லை. அதற்குள் சொந்தக் கதை புகுந்துவிடும்.

மூன்றாவது சாமி வருவது. இதை வழிபாடு என்று தனியே ஒதுக்கிவிட்டுக் கதையை மட்டும் 'இலக்கியமாக' எடுத்துக்கொள்வது நம் கல்வித்துறை வழக்கம். ஆனால் கதை போய்ச் சேரும் இடமே அதுதான். அண்ணாவி நாயகனின் சாவை நோக்கிப் பாட்டை முடுக்குகிறார். கோமரத்தாடி நெளிய ஆரம்பிக்கிறார். இன்னும் வரவில்லை என்றால் அதே அடிகள் திரும்பத் திரும்ப வரும், உடுக்கை வேகம் கூடும். வந்துவிட்டால் கதைமாந்தன் செத்த அந்தக் கணத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர் உடம்பில் எழுந்து நிற்கிறான். கேட்பவர் 'பாத்திரத்தோடு ஒன்றிப்போகிறார்' என்று நாம் நாவலைப் பற்றிச் சொல்வதெல்லாம் இதன் முன்னால் வெறும் உவமை. இங்கே பாட்டின் நீளத்தைத் தீர்மானிப்பது ஏடு அல்ல, கேட்பவரின் உடம்பு.

நான்காவது மறுப்பு. இதுதான் மிக அரிதாக வருகிறது. இதைத்தான் நான் மிகச் சுலபமாக அழித்தேன்.

4

முத்துப்பட்டன் கதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆரியநாட்டுப் பிராமணன், ஏழு சகோதரர்களில் கடைசி. வீட்டை விட்டுப் போய் கொட்டாரக்கரை அரசனிடம் வேலை பார்க்கிறான். அண்ணன்மார் தேடி வந்து அழைத்துப் போகும் வழியில் மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு பெண்களின் பாட்டைக் கேட்டு மயங்குகிறான். (கவனிக்க வேண்டும்: கதை நடப்பதே ஒருவன் ஒரு பாட்டைக் கேட்டதால்தான்.) அவர்கள் சக்கிலியரான வாலப்பகடையின் மக்கள். பகடை நிபந்தனை போடுகிறான். பட்டன் பூணூலை அறுக்கிறான், குடுமியை எடுக்கிறான், தோல் பதமிட்டுச் செருப்புத் தைக்கிறான். கல்யாணம் நடக்கிறது. அன்றிரவே கிடை மாட்டைக் கள்ளர்கள் ஓட்டிக்கொண்டு போக, விரட்டிப் போய்ச் சண்டையிட்டு, மறைந்திருந்த ஒருவனால் வஞ்சகமாகக் குத்தப்பட்டுச் சாகிறான். பொம்மக்காவும் திம்மக்காவும் சிங்கம்பட்டி அரசனிடம் உத்தரவு வாங்கித் தீப்பாய்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோவிலில் பட்டன் பட்டவராயனாக நிற்கிறான்.

இந்தக் கதையை நா. வானமாமலை பதிப்பித்து 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பாடப்படும் வடிவங்கள் சிலவற்றில் ஒரு பிறப்புக் கதை இருக்கிறது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணப் பெண்ணுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டவர்களாம். வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம், அவ்வளவுதானாம். இது பின்னால் செருகப்பட்டது என்றும், பிராமணன் சக்கிலியப் பெண்களை மணந்தான் என்பதை ஏற்கமுடியாத மேல்சாதியினருக்காகச் செய்யப்பட்ட ஒட்டுவேலை என்றும் வானமாமலை எடுத்துக்காட்டினார். அவர் செய்த பெரிய காரியங்களில் இது ஒன்று. கதைப்பாடலை வர்க்க, சாதி முரண்களின் களமாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். நாமெல்லாம் அவர் போட்ட பாதையில் வந்தவர்கள்தான்.

ஆனால் ஓர் இடத்தில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒட்டுவேலையைக் கண்டுபிடித்ததும் அதை விலக்கிவிட்டு மூலத்துக்குப் போவதுதான் அவர் முறை. மூலம் நேர்மையானது, செருகல் பொய். ஏட்டுக்கு இது பொருந்தும். கொடை இரவுக்குப் பொருந்துமா? செருகல் என்பது என்ன? ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு பந்தலில், வரி கொடுத்தவர்கள் முகம் சுளித்திருக்கிறார்கள். அண்ணாவி அந்தச் சுளிப்பைப் படித்திருக்கிறார். அடுத்த ஊரில் கதை மாறியிருக்கிறது. அதாவது அந்தப் பிறப்புக் கதை, கேட்டவர்களின் எதிர்வினை இறுகிப் பிரதியானது. அதை நீக்கினால் பொய் மட்டும் போகவில்லை, அந்தப் பொய்யை வேண்டி நின்றவர்களும் தப்பித்துவிடுகிறார்கள். வேண்டாம் என்றவர்களும் கூடவே காணாமல் போகிறார்கள்.

வேண்டாம் என்றவர்கள் இருந்தார்களா? இருந்தார்கள். என் மூன்றாவது கேசட்டில் இருக்கிறார்கள்.

அண்ணாவி பிறப்புக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். காடு, கைக்குழந்தைகள், பகடை கண்டெடுப்பது. பக்கத்தில் 'ஆமா', 'ஆமா'. அப்போது தூரத்திலிருந்து ஓர் ஆண்குரல். ஒலிவாங்கிக்கு எட்டாத தூரம். மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டேன்.

"அண்ணாவியாரே, வாலப்பகடைக்குப் பொறந்த பிள்ளையளுன்னு சொன்னாக் கொறஞ்சா போவும்?"

வில் நிற்கிறது. பக்கத்தில் இருப்பவரின் 'ஆமா' வரவில்லை. இரண்டு விநாடி இருக்கலாம். அந்த இரவு முழுவதிலும் 'ஆமா' தவறிய இடம் அது ஒன்றுதான். பிறகு அண்ணாவியின் குரல், பாட்டுக் குரல் இல்லை, பேச்சுக் குரல்:

"கதையில அப்படியும் உண்டும்யா. இப்படியும் உண்டும்."

உடனே முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர்: "அண்ணாவி, மணி என்னாச்சு. பட்டனக் கூப்பிடும்." வீசுகோல் விழுகிறது. பாட்டு தொடர்கிறது.

இந்த நான்கு குரல்களையும் நான் எழுதவில்லை. 'பிறப்பு வரலாறு – அடி 412 முதல்' என்று நேரே பாட்டுக்குப் போய்விட்டேன். அந்தப் பெரியவர் வாய்ச்சொல்லால் செய்ததை நான் பேனாவால் செய்திருக்கிறேன்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? அந்தக் கோவிலுக்கு வரி கொடுக்கிறவர்கள் ஊரின் இடைநிலைச் சாதியினர். அருந்ததியர் குடியிருப்பு ஓடைக்கு அந்தப் பக்கம். அவர்களிடம் வரி வாங்குவதில்லை. 'வாங்குவதில்லை' என்பதைச் சலுகை மாதிரி சொன்னார்கள். வரி வாங்காதது பேச்சுரிமையைக் கொடுக்காததுதான். வரிக்காரர் கேட்டால் அது விளக்கம் கேட்பது. வரி கொடுக்காதவர் கேட்டால் அது சலம்பல். இத்தனைக்கும் கதை யாருடையது? தங்கள் பெண்களை மணந்தவன், தங்கள் தொழிலைச் செய்தவன், தங்கள் மாட்டுக்காகச் செத்தவன். அவனுடைய கொடையில் அவர்கள் வெளிச்சத்துக்கு வெளியே நின்று கேட்கிறார்கள். அங்கிருந்தும் ஒருவர் கேட்டார்.

அண்ணாவியின் பதிலை முதலில் மழுப்பல் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. 'இப்படியும் உண்டும்' என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். பிழைப்புக்காகப் பாடுகிற ஒருவர், சன்மானம் தருகிறவர்கள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் ஒட்டவைத்த கதை ஒட்டுத்தான் என்று ஒரு விநாடி ஒப்புக்கொண்டார். ஆய்வாளருக்கு மூலம் ஒன்று, திரிபு ஒன்று. அண்ணாவிக்கு இரண்டுமே கதை. அதற்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பது அன்றைக்கு எதிரே யார் இருக்கிறார்கள், யார் வாய் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பெண்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று இருக்கிறது. தீப்பாயும் இடம். எல்லோரும் அழுகிறார்கள். அந்த அழுகைக்குள், கேசட் வைத்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கிழவி இன்னொருத்தியிடம்: "எரியதுக்கும் ராசாட்ட உத்தரவு கேக்கணுமாக்கும்." பதிலுக்கு ஒரு சிரிப்பு. கதையில் அந்த உத்தரவு கற்பின் பெருமைக்குச் சாட்சியாக வருகிறது. கிழவி ஒரே வரியில் அதைச் சாவுக்கும் மேலிடத்து அனுமதி தேவைப்படுகிற வாழ்க்கையாகத் திருப்பிப் போட்டுவிட்டாள். கட்டுடைத்தல் பற்றி நாம் போட்ட சிறப்பிதழ்களில் இவளுக்கு ஒரு மூலை கொடுத்திருக்கலாம். அழுதுகொண்டேதான் அவள் இதைச் சொன்னாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே ஆள் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கலாம் போலிருக்கிறது.

5

வாயால் சொல்ல முடியாததைக் கேட்பவர்கள் பொருளால் சொல்வதும் உண்டு. சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயனுக்குக் காணிக்கை செருப்பு. தோல் செருப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறார்கள், எல்லாச் சாதியிலிருந்தும். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் நின்று பார்த்தால் தெரியும். செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக்கூடாது என்று ஒரு பகுதி மக்களுக்கு விதித்த சமூகம் அது. அந்தச் சமூகத்து ஆட்களே சாமி முன்னால் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பெண்களின் பிறப்பை மாற்ற முடிந்தது, செருப்பை மாற்ற முடியவில்லை. பட்டன் செருப்புத் தைத்தான் என்ற வரியை எந்தப் பந்தலாலும் அழிக்க முடியாமல் போனதற்கு இந்தக் காணிக்கை ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதே கோவிலில் ஆடி அமாவாசைக்குச் சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் வந்து அமர்வது வழக்கம். கடைசி ஜமீன்தார் 2020இல் காலமானார். கதைக்குள் தீப்பாய உத்தரவு கொடுத்த அரண்மனை, கதைக்கு வெளியே கொலுவிருந்தது. கேட்பவர்களின் எதிர்வினை பற்றிப் பேசும்போது அதிகாரமும் ஒரு கேட்பவர்தான் என்பதை மறக்கக்கூடாது. மற்றவர்கள் எல்லோரையும் விட வசதியாக உட்கார்ந்து கேட்பவர்.

கட்டபொம்மு கதைக்கும் இப்படி ஒன்று உண்டு. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவனைத் தூக்கிலிட்டார்கள். அந்த இடத்தில் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல் போட்டுப் போனார்கள். குவியல் வளர்ந்தது. கும்பினி ஆட்சியில் அவன் பெயரை உரக்கச் சொல்வது லேசான விஷயமில்லை. கல் போட யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டாம். பின்னாளில் சிவாஜி கணேசன் அங்கே சிலை எடுத்தார். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சிலைக்கு முகம் உண்டு, முகம் வந்ததும் அது யாருடைய முகம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. கல்குவியலில் எது யார் போட்ட கல் என்று பிரிக்கமுடியாது.

1959இல் வந்த படத்துக்குப் பிறகு கட்டபொம்மு கதை பாடுகிறவர்களுக்குப் புதிதாக ஒரு கேட்பவர் வந்து சேர்ந்தார். அவர் படம் பார்த்துவிட்டு வந்தவர். வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலில் ஸ்ரீவைகுண்டத்து நெற்களஞ்சியக் கொள்ளையும், அதைச் செய்த தானாபதிப் பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியாத பாளையக்காரனின் சிக்கலும் முக்கியமானவை. அங்கே கட்டபொம்மு பிசகக் கூடியவன், பிடிவாதக்காரன், அதனாலேயே பக்கத்து வீட்டு ஆள் மாதிரி இருப்பவன். படம் பார்த்து வந்தவருக்கு இது போதாது. அவர் காதில் வசனம் ஓடிக்கொண்டிருக்கிறது. "அந்த ஜாக்சன் துரைகிட்டப் பேசினதச் சொல்லும்" என்று சீட்டு அனுப்புவார். ஒரு பாடகர் என்னிடம் நொந்துகொண்டார்: "நாங்க எங்க அய்யா சொன்னதச் சொல்லட்டுமா, சினிமாக்காரன் சொன்னதச் சொல்லட்டுமா தம்பி? சினிமாவச் சொன்னாத்தான் ரூவா விழுது." கேட்பவர் குரல் என்றால் அது மக்கள் குரல், மக்கள் குரல் என்றால் அது விடுதலையின் குரல் என்று அவசரப்பட்டுச் சமன்பாடு போடுகிற தோழர்கள் இந்தச் சீட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சீட்டும் மக்கள் எழுதியதுதான்.

எட்டப்பன் என்ற பெயர் தமிழில் வசவாகிப்போனதும் இதே வழியில்தான். மேடையும் திரையும் திரும்பத் திரும்பச் சொல்ல, கேட்டவர்கள் அதை வாங்கித் தெருவில் புழங்கினார்கள். எட்டயபுரத்துத் தெருவில் இருந்துகொண்டு அந்தச் சொல்லைக் கேட்கிறவருக்கு எப்படியிருக்கும் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. வட்டார வரலாற்றில் எல்லோருக்கும் பொதுவான கேட்பவர் என்று ஒருவர் கிடையாது. ஒரு ஊரின் வீரம் அடுத்த ஊரின் அவமானமாக இருக்கும்.

6

இது பந்தலோடு முடிகிற விவகாரமும் இல்லை. 1997இல் தென்மாவட்டத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டினார்கள். பாஞ்சாலங்குறிச்சிப் போரில் உயிர்விட்டவராக நினைவுகூரப்படுகிற தளபதி, தேவேந்திரகுலத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் கிளம்பினார்கள். கலவரம், சாவு. முடிவில் அரசு என்ன செய்தது? போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. ஒரு பெயரைக் கேட்க மறுத்தவர்களுக்காக எல்லாப் பெயர்களையும் நீக்கினார்கள். இதற்கு நடுநிலை என்று பெயர்.

சுந்தரலிங்கம் பெயரை ஒரு சமூகம் பலகையில் எழுதக் கேட்டது, கதைக்குள் தன் இடத்தைக் கேட்டதுதான். "பொறந்த பிள்ளையளுன்னு சொன்னாக் கொறஞ்சா போவும்?" என்ற அதே கேள்வி. பதிலும் அதே பதில்: மணியாச்சு, பாட்டை நடத்து. வித்தியாசம் ஒன்று உண்டு. அண்ணாவியாவது 'இப்படியும் உண்டும்' என்றார். அரசுக்கு அந்த நாக்கு இல்லை.

7

நம்முடைய மேடைகளுக்கு வருவோம். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டைக் கோவில் முற்றத்திலிருந்து எடுத்து காந்தி கதை பாடினார். அவரோடு சென்னைக்கு வந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022) அதை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார். பெரிய சாதனை. நாஞ்சில் நாட்டுக்கும் நெல்லைக்கும் அப்பால் தமிழ்நாடு முழுக்க 'தந்தனத்தோம்' தெரியும் என்றால் அது அவர்களால்தான். ஆனால் ஸ்டூடியோவுக்குள் போனபோது வில் போயிற்று, குடம் போயிற்று, பக்கத்தில் 'ஆமா' போடுகிறவரும் போனார். பந்தலுக்கு வெளியே நின்று மறித்துக் கேட்டவர் போகவில்லை. வானொலியில் வில்லுப்பாட்டு என்றால் முழுக்க முழுக்க 'ஆமா'தான். அரசின் திட்டங்களை விளக்க அந்த வடிவம் அவ்வளவு சுலபமாக வளைந்து கொடுத்ததற்கு இது ஒரு காரணம்.

இடதுசாரி மேடைகளில் நடந்தது இதிலிருந்து ரொம்ப வேறுபட்டதா? கலை இரவுகளில் நானும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். அறிவொளிக் காலத்தில் வீதி நாடகக் குழுவோடு சுற்றியிருக்கிறேன். அந்த நாட்களின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கேட்பவர்களுக்கு நாம் கொடுத்த ஒரே மொழி கைதட்டல். கைதட்டுவது 'ஆமா'வின் பெருக்கம்தான். நடுவில் எழுந்து 'அது அப்படியில்லை தோழர், எங்க ஊர்ல வேற மாதிரி நடந்துது' என்று ஒருவர் சொன்னால், தொண்டர்கள் தோளைத் தொட்டு அன்பாக உட்கார வைத்தோம். குடித்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டோம். குடித்துத்தான் இருந்தார் சில சமயம். குடிக்காமல் அந்தக் கூட்டத்தில் எழுந்து பேச அவருக்கு வேறு என்ன துணை இருந்தது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது நகரங்களில் 'மறைக்கப்பட்ட வரலாறு' சொல்லும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. நாற்காலி, குளிர்சாதனம், இருட்டில் உட்கார்ந்த கேட்பவர்கள், வெளிச்சத்தில் நிற்கிற கதைசொல்லி. கடைசியில் கேள்விகளுக்குப் பத்து நிமிஷம். வரலாறு சொல்லி முடிக்கப்பட்ட பிறகு கேள்வி. கேள்வியால் கதையில் ஒரு எழுத்தும் மாறாது. நுகர்ந்துவிட்டு எழுந்து போகலாம்.

இதற்கு மாற்றாகப் பழைய கொடைப் பந்தலைத் தூக்கிப் பிடிக்க என்னால் முடியாது. அந்தப் பந்தலில் யார் எங்கே நின்றார்கள் என்பதை மேலே சொல்லிவிட்டேன். பங்கேற்பு என்பது தன்னளவில் ஜனநாயகம் இல்லை. சாதி எல்லோரையும் பங்கேற்கத்தான் வைக்கிறது, அவரவர் இடத்தில் நிறுத்தி. நான் சொல்வது இவ்வளவே: ஒரு கதையாடலில் 'இல்லை' என்ற சொல்லுக்கு இடம் எங்கே இருக்கிறது, அதைச் சொல்பவருக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்க்காமல் அதன் அரசியலைப் பேச முடியாது. கதையில் புரட்சி இருந்து பந்தலில் இல்லாமல் போகலாம். பிற்போக்கான கதைக்கு எதிரே ஒரு கிழவி இருக்கலாம்.

தொகுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டைப் பதிப்பிக்கும்போது இரைச்சலையும் பதிப்பியுங்கள். இருமலை எழுத வேண்டாம். பேசியதையும், பேசாமல் நின்ற இடத்தையும் எழுதுங்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு படம் போடுங்கள். யாரிடம் வரி வாங்கவில்லை என்று எழுதுங்கள்.

போன வருஷம் அந்தக் கேசட்டுகளை எடுத்துக்கொண்டு அதே ஊருக்குப் போனேன். அண்ணாவி இப்போது இல்லை. கோவில் திண்ணையில் வைத்து ஓடவிட்டேன். சுற்றி இருபது பேர். பாட்டை யாரும் கவனிக்கவில்லை. "இது எங்கப்பா இருமல்லா!" என்று ஒருவர் குதித்தார். "பொன்னம்மாப் பாட்டி குலவ மாதிரி ஆருக்கும் வராது" என்றாள் ஒருத்தி. செத்தவர்களை இருமலிலும் குலவையிலும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வீசி எறிந்த இரைச்சலில்தான் அவர்கள் ஊர் இருந்தது.

மூன்றாவது கேசட் வந்தது. அந்தக் குரல் வந்தது. சிரிப்பு நின்றது.

"இது ஆரு?" என்று கேட்டேன்.

"தெரியல. அது நம்ம ஆளு கெடையாது. அந்தப் பக்கம்" என்றார்கள். அடுத்த பாட்டைப் போடச் சொன்னார்கள்.

ஓடையைத் தாண்டி அந்தப் பக்கமும் போனேன். அங்கே ஓடவிட்டதும் ஒரு நிமிஷம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், "இன்னொரு தரம் வைங்க சார்" என்றார். வைத்தேன். மறுபடியும் வைக்கச் சொன்னார். யார் குரல் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ கேட்டுவிட்டு அவர் சொன்னதை மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"கேட்டிருக்காருல்லா."